வெளியே உட்காரச் சொன்ன நேரம்

நீ வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, அந்தக் கிழவர் எழுந்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்க, நீ மடியிலிருந்த பைபிளுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, ஏதோ இன்றைக்குத்தான் அதில் புதிதாக நாலு வரி அச்சடித்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தேன்டி. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதே. இப்படி மனசுக்குள் கத்திக்கொண்டு, ஞாயிறுபள்ளி அறையில், ஆறு வயசுப் பிள்ளைகளுக்குப் போட்டிருந்த குட்டை நாற்காலி ஒன்றில், உடம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்திருந்தாள் தேசம்மா. நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சபைக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த பாப்திஸ்து சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர் எல்லோருக்கும் முன்னால் நின்று, தான் எப்படிக் கர்த்தரிடம் வந்தேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வெளியே போய்விட வேண்டும். உள்ளே அங்கத்தினர்கள் பேசி, கை தூக்கி, சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பாஸ்டரே ஆசைப்பட்டாலும் தனியாக ஒருவரைத் தொட்டித் தண்ணீரில் இறக்கிவிட முடியாது. இன்றைக்கு நாலு பேர். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் வெளியே வந்து, முந்தானையைச் சரிசெய்வதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். தறிப்பட்டறைத் தாத்தாவுக்கு அதற்கும் குறைவான நேரம். நாலாவது தேசம்மா. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் பெரிய முள் கால் வட்டம் தாண்டிவிட்டது. வாடகைக்குப் பாத்திரம் எடுக்க வருகிற புருஷனும் பெண்டாட்டியும் 'கொஞ்சம் பேசிட்டு வரோம்' என்று கடைக்கு வெளியே போய் நின்றால், அவர்கள் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள், எடுப்பார்களா, அடுத்த கடைக்குப் போவார்களா என்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முதுகும் அவளை ஏமாற்றியதில்லை. ஆனால் சாத்திய கதவுக்கு ஏது முதுகு.

என்ன கேட்டார் கிழவர்? ஞானாபரணம் ஐயா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபை மூப்பர், சட்டைக் காலர் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வருகிற ஆள். 'போன ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் வார்த்தாங்க. அதுக்கு சிஸ்டருடைய அண்டாவும் நாற்காலியும் போயிருந்ததா கேள்விப்படுறோம். சிஸ்டர் இப்பதான் சாட்சியில, அந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் ரெண்டு வருஷமா குடுக்கறதில்லன்னு சொன்னாங்க. தெளிவா இருந்தா நல்லாயிருக்கும்.' அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இவளும் உயர்த்தியிருப்பாள், சண்டை என்றால் அவளுக்குத் தெரிந்த விஷயம். பாஸ்டர் உடனே, 'சிஸ்டர், நீங்க வெளியில இருங்க, நாங்க பேசிக்கறோம்' என்றார். அந்த ஒரு நொடியில்தான் அவள் உன்னைப் பார்த்தாள். இரண்டாவது பெஞ்சு, பாடகர் குழு, வெள்ளைப் புடவை. கேள்விப்படுகிறோமாம். யார் காதுக்கு யார் வாய்? பேரைச் சொல்ல மாட்டாள் தேசம்மா. கோபம் வந்துவிட்டால் அந்த ஆளின் பேர் அவள் நாக்கில் ஏறாது, மனசுக்குள்கூட ஏறாது. விட்டுவிட்டுப் போன புருஷன் அன்றைக்கு 'அவன்' ஆனவன்தான், ரேஷன் அட்டையில் தவிர வேறெங்கும் அவனுக்குப் பேர் கிடையாது. இன்றைக்கு நீ. உன்னை இந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும் தோளில் பையும் பை நிறைய நற்செய்தி அச்சடித்த கைப்பிரதியுமாக வீடு வீடாகப் போகிறவள், அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்து ஜெபித்துவிட்டு வருகிறவள், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லித் தருகிறவள். தேசம்மாவைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள்.

கூட்டிக்கொண்டு வந்தாயா, வலைபோட்டுப் பிடித்தாயா? இந்தக் கேள்வி இன்றைக்குத்தான் முளைத்தது, முளைத்த உடனே கிளைவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் மூன்று நாள் மாலை நற்செய்திக் கூட்டம். முந்நூறு நாற்காலி இவள் கடையிலிருந்து. அதற்கு முந்தின மாசம்தான் ஒரு கட்சிக் கூட்டத்தில் பதினோரு நாற்காலியைக் கை, கால், முதுகு என்று தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதனால் நற்செய்தியாவது ஒன்றாவது, நாற்காலியை நானே காவல் காக்கிறேன் என்று கடைசி வரிசையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் என்ன பேசினார்கள் என்று முதல் நாள் காதில் விழவே இல்லை, யார் காலைத் தூக்கி முன் நாற்காலியில் வைக்கிறான் என்பதிலேயே கண். அப்போதுதான் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். 'சாப்ட்டீங்களாக்கா?' என்றாய். ஆயிரம் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்திருக்கிறாள், ஒரு வீட்டில் ஒருத்தர் கேட்டதில்லை அதை. கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்க்க வந்த நாளிலிருந்து அவள் சாப்பாடு அண்டாவின் அடியில் ஒட்டியதுதான். அவள் அண்டா எல்லாப் பந்திக்கும் போகும், அவள் ஒரு பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் விழுந்தாள். மூன்றாம் நாள் காவலை மறந்துவிட்டு அழுதாள். நாலு நாற்காலி காணாமல் போனது, தேடவில்லை. அதை இன்றைக்குச் சாட்சியில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு, நீயும் சிரித்தாய். இப்போது யோசித்தால், கடைசி வரிசைக்கு எதற்கு வந்தாய்? முன்னால் முந்நூறு பேர் இருக்க? வருஷக் கூட்டத்தில் ஊழிய அறிக்கை வாசித்தார்களே, வீடு சந்திப்பு இருநூற்றுச் சொச்சம், கைப்பிரதி நாலாயிரம், மருத்துவ முகாம் ஒன்று, புதிதாக வந்த ஆத்துமாக்கள் ஏழு என்று. அந்த ஏழில் ஒருத்தி நான் என்று அன்றைக்கு உள்ளுக்குள் மாலை போட்டுக்கொண்டாளே. உன் கைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும், அதில் ஒரு வரி தேசம்மா. அடுத்த வரி, அண்டா எட்டு, நாற்காலி முந்நூறு. இல்லையா? வெள்ளம் வந்தபோது தெருவே முட்டிவரை தண்ணீரில் நிற்க, சபை மாடியில் அடுப்பு மூட்டி மூன்று நாள் எலுமிச்சைச் சோறு கிளறியது யாருடைய அண்டாவில்? கிறிஸ்துமஸ் கேரலுக்கு வேன் பிடித்தது யார் பேரம் பேசி? அங்கத்தினர் இல்லை, ஆனால் அங்கமெல்லாம் உழைக்கிறது. சீ, இப்படி நினைக்கக்கூடாது. நினைக்காமல் என்ன செய்வது, உள்ளே பேசுகிறார்களே.

வாசலில் நிழல் விழுந்தது. சபையைப் பெருக்கித் துடைக்கிற மாசிலாமணி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தென்னந்துடைப்பத்துடன் எட்டிப் பார்த்தார். முழங்கால் வரை பாசி.

"இன்னா தேசம்மா, பசங்க சேர்ல குந்திக்கினு கீறே. ஒடிஞ்சா டீச்சரம்மா என்னத்தான் புடிப்பாங்க."

"ஒடிஞ்சா பத்து சேர் எறக்கறேன், போ. உள்ள இன்னா பேசறாங்கோ?"

"எனுக்கு இன்னா தெரியும். நான் தொட்டி கழுவிக்கினு இருந்தேன். வர ஞாயித்துக்கெழமைக்குத் தண்ணி ரொப்பணுமே."

"முழுக்குக்கு எத்தினி வெள்ள அங்கி எடுத்து வெச்சுக்கீறே?"

"மூணு."

"நாங்க நாலு பேருய்யா."

அவர் துடைப்பத்தைக் கை மாற்றினார். அந்தக் கை மாற்றலே போதும் அவளுக்கு. "அப்டி வா. முடிவு பண்ணிட்டுத்தான் என்னை மைக்கு முன்னாடி நிக்க வெச்சீங்களா? மூணு அங்கிதான் இஸ்திரி போட்ருக்குதுன்னா நான் எதுக்கு இங்க ஊர்கோலம் வந்த சாமி மாதிரி குந்தியிருக்கேன்?"

"யம்மா, கொஞ்சம் கம்முனு இரு. இருக்கறதுலயே பெரிய அங்கி உனுக்குப் பத்தாதாம். பாஸ்டரம்மா ரெண்டு பக்கமும் பிரிச்சுத் துணி வெக்கச் சொல்லி தையக்காரர்கிட்ட குடுத்துக்கீறாங்க. சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். வாயக் கிண்டிட்டே."

சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டரம்மா இவள் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து, யாருக்கும் தெரியாமல் துணி வைக்கக் கொடுத்திருக்கிறார். அந்தச் சிரிப்பு முழுசாக முகத்துக்கு வருவதற்குள், ஏன் யாருக்கும் தெரியாமல் என்று அதன் பின்னாலேயே ஒன்று ஓடி வந்து முட்டியது. மாசிலாமணி இப்போதுதான் இட்டுக்கட்டிச் சொன்னாரோ? கண்ணைப் பார்த்துச் சொன்னாரா, துடைப்பத்தைப் பார்த்தா? கேட்பதற்குள் அவர் தொட்டிப் பக்கம் போய்விட்டார். ஒரு மனுஷர் நல்லது சொன்னால்கூடச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன் என்று ஆகிவிட்டதே இந்தப் புத்தி. சுரண்டாமல் வாங்கிய காலத்தில் பித்தளை என்று ஈயம் கொடுத்தவர்கள்தான் கற்றுக் கொடுத்தார்கள் இதை. ஆனால் உன்னைச் சுரண்டவில்லை நான். உன்னை மட்டும்.

ஆடி போய் ஏழு மாசம் இருக்கும். மத்தியான நேரம், கடையில் கரண்டி எண்ணிக்கொண்டிருந்தாள். நீ ஓட்டமும் நடையுமாக வந்தாய், முகம் செத்துப்போய். 'அக்கா, ஒரு உதவி, நீங்க மட்டும்தான் பண்ண முடியும்.' நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர்தான் அந்த வருஷம் கோயில் விழா நடத்துகிறவர், பந்தல்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான், உங்க சபையிலதான் பாத்திரக்கடைக்காரம்மா இருக்குதே, வாங்கிக் குடு, இல்லன்னா ஆவணியில வீட்டைக் காலி பண்ணு என்று அந்த ஆள் சொன்னதாகச் சொன்னாய். மாமியார் படுத்த படுக்கை, இரண்டு பிள்ளை, எங்கே போவேன் என்றாய். தேசம்மா, 'ந்தா, நான் கோயிலுக்குக் குடுக்கறத வுட்டு ஒன்ற வருஷமாச்சு, தெரியுமில்ல?' என்றாள். தெரியும் உனக்கு. விட்டபோது பக்கத்தில் நின்று ஜெபித்தவளே நீதான். இருபது வருஷ வாடிக்கை அது, அந்த அம்மன் பேரைத்தான் இவளுக்கும் வைத்தார்கள், தெருவில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள், சொந்த அண்ணன் அவன் பெண் மஞ்சள் நீராட்டுக்கு இவளைக் கூப்பிடவில்லை. அதெல்லாம் தெரிந்துதான் கேட்டாய். கேட்டுவிட்டு, 'நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேணாம்க்கா' என்றாய். வாடகைக்குக் கொடுத்திருந்தாலும் வியாபாரம் என்று போயிருக்கும், வாடகை வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு என்றுதானே அனுப்பினாள்? எட்டு அண்டா, நூறு நாற்காலி. அனுப்பிவிட்டு அன்றைக்குக் கடைக்குள் மண்டிபோட்டு, ஆண்டவரே ஒரு வீட்டுக்காக, கணக்கில் வைத்துக்கொள்ளாதே என்று பேரம் பேசினாள். அவர் சரி என்றாரா என்று தெரியாது, அவர் முதுகும் தெரியாதே.

அப்புறம் கிழவர் காதுக்கு யார் கொண்டுபோனது? பாடகர் குழுத் தலைவியா, போன வருஷம் இவள் சத்தமாகப் பாடி ராகத்தைக் கெடுக்கிறாள் என்று சொன்னவள்? பாஸ்டரம்மாவா? மாசிலாமணியா, அவர்தான் கோயில் தெரு வழியாக வருகிறவர். இல்லை, நீயேவா? ஒருநாள் கோபத்தில் இவள் உளறிவிடுவாள், அதற்குமுன் நாமே ஒரு பாதியை எடுத்துப் போட்டுவிடலாம் என்று? அந்த நினைப்பு வந்ததும் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். நீ போய்ச் சொல்வதுபோலவும், அவர் தலையாட்டுவதுபோலவும், 'என் பேர் வர வேணாம்' என்று நீ அங்கேயும் அதே வார்த்தையைச் சொல்வதுபோலவும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் பட்டது எதிரே மூலையில் அடுக்கியிருந்த நாற்காலி. இவள் கடையுடையதுதான், போன வாரம் மருத்துவ முகாமுக்கு வந்தது. முதுகில் சிவப்புப் பெயின்டில், ஒரு சாண் எழுத்தில், தேசம்மா. அண்டா விளிம்பிலும் அதே சிவப்பு. திருட்டுப் போகாமலிருக்க அவளே தூரிகை பிடித்து எழுதியது. நூறு நாற்காலியும் எட்டு அண்டாவும் கோயில் வாசலில் இவள் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்றிருக்கின்றன. கிழவர் காலையில் பால் வாங்கப் போகிற வழி அது. ஒருத்தரும் போய்ச் சொல்லவேண்டியதில்லை. இத்தனை சாமர்த்தியம் பேசுகிறவள், கொடுப்பதென்று முடிவானபின் பேரின்மேல் ஒரு சாக்கை இழுத்துக் கட்டியனுப்பத் தோன்றவில்லையே. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் அதைவிடப் பெரியது ஏறி உட்கார்ந்தது. நீ சொன்னாயா என்ற சந்தேகம் போய்விட்டது, நீ சொல்லவில்லை என்ற நிச்சயம் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. கிழவர் கேட்டபோது, நான்தான் கேட்டு வாங்கினேன் என்று மூன்று வார்த்தை.

உள்ளே யாரோ இருமினார்கள். மின்விசிறிகளின் கரகரப்பு. ஒரு பெண் குரல் ஏதோ சொல்ல, இரண்டு பேர் 'ஆமாம் ஆமாம்' என்றார்கள். எதற்கு ஆமாம்? போன வருஷமும் இப்படித்தான். சபை வாசலில் வண்டியை நிறுத்தினவனை ஆராதனைக்கு நடுவில் வெளியே வந்து இவள் திட்டிய திட்டு மைக்கிலேயே கேட்டுவிட்டது. 'சிஸ்டர் இன்னும் கொஞ்சம் வளரட்டும்' என்று ஒத்திவைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயசில் இன்னும் எங்கே வளர்வது? பொறுத்தாள். மாசத்தின் முதல் ஞாயிறு வருகிறபோதெல்லாம் பொறுத்தாள். அன்றைக்குக் கர்த்தருடைய பந்தி. ரொட்டியைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி வெள்ளித் தட்டில் வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். முழுக்கு எடுத்து அங்கத்தினர் ஆனவர்களுக்கு மட்டும். இவள் வரிசைக்கு வரும்போது தட்டு ஒரு சின்ன வளைவு எடுக்கும், இவள் முழங்காலைத் தாண்டிப் பக்கத்துக் கைக்குப் போகும். ரொட்டியின் வாசனை மட்டும் மூக்கில் நின்றுவிட்டுப் போகும். நாலு வருஷமாக அந்த வளைவு. அங்கே கூழ்ப் பந்தியை விட்டு வந்துவிட்டாள், இங்கே தட்டு தாண்டிப் போகிறது. இன்றைக்கும் ஒத்திவைத்தால் அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும், அதுதான் பயம். கோபத்தில் போய்விடுவாள். போனபின் எங்கே போவாள்? செவ்வாய்க்கிழமை அவள் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், தெருவிலும் பேச ஆள் இருக்காது.

கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. பாஸ்டரம்மா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார், அது நல்ல சேதிக்கு அடையாளமில்லை.

"சிஸ்டர், ஞானாபரணம் ஐயா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. வியாபாரமாக் குடுத்தீங்களா, இல்ல யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"எதுக்கு?"

"அவருக்கு மனசுல ஏதோ படுது. நீங்க சும்மா குடுக்கற ஆள் இல்லன்னு சொல்றாரு. யாராவது கேட்டிருந்தா, யாருன்னு சொல்லிட்டீங்கன்னா இப்பவே முடிஞ்சிடும், சிஸ்டர்."

அத்தனை சுலபம். ஒரே பேர். நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது, இத்தனை நேரம் ஏறாத பேர், அப்போது பார்த்து உப்புக்கல்லைப்போல நாக்கில் வந்து உட்கார்ந்தது. சொன்னால் உனக்கு என்னவாகும் என்று கணக்குப் போட்டாள், பேரம் பேசிப் பழகியவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பாடகர் குழுவிலிருந்து எடுப்பார்கள், செவ்வாய்க்கிழமைப் பையை வாங்கிக்கொள்வார்கள், சில மாசம் உன் முழங்காலையும் அந்தத் தட்டு தாண்டிப் போகும். கோயில் காரியம் சபையில் வழக்கானது வீட்டுச் சொந்தக்காரன் காதுக்கும் போகலாம், காலி பண்ணச் சொல்லலாம். படுக்கையில் கிடக்கிற மாமியாரைத் தூக்கிக்கொண்டு நீ எங்கே போவாய்?

"என் அண்டா, என் நாக்காலி. நான் குடுத்தேன்" என்றாள் தேசம்மா. "கேட்டவங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேம்மா. போட்டு மிதிச்சாலும் சொல்ல மாட்டேன்."

பாஸ்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கில் பாஸ்டரின் குரல் வந்தது, வருத்தமான குரல்தான். சிஸ்டர் விளக்கம் கொடுக்க விரும்பவில்லை, ஆகவே இந்த விண்ணப்பத்தை இன்னும் ஒரு வருஷம் ஒத்திவைக்க ஞானாபரணம் ஐயா முன்மொழிகிறார், வழிமொழிகிறவர்கள் உண்டா? உண்டு. அப்படியானால் சம்மதமுள்ளவர்கள் கையைத் தூக்குங்கள். தேசம்மா எழுந்தாள். குட்டை நாற்காலியும் இடுப்போடு எழுந்தது, ஒரு கையால் அதைப் பிடுங்கி ஓரமாக வீசினாள். வெளியே இருக்க வேண்டியவள் உள்ளே வரக்கூடாது என்பது தெரியும். தெரிந்தே கதவைத் தள்ளினாள். அறுபது தலை திரும்பியது.

"சிஸ்டர், இன்னும் முடியலையே" என்றார் பாஸ்டர்.

"தெரியுங்கய்யா. நான் பேச வரல. பேச வேண்டியவங்க பேசட்டும்னு நிக்கறேன்."

அங்கேயே நின்றாள், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கைகள் ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன, சில சட்டென்று, சில கூச்சத்தோடு, தோளுக்குமேல் போகாமல். ஞானாபரணம் ஐயாவின் கை நேராக. பாடகர் குழுத் தலைவியின் கை வளையலோடு. இரண்டாவது பெஞ்சில், வெள்ளைப் புடவைக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாகக் கிளம்பியது. பக்கத்தில் இருப்பவள் தூக்கினாளே, தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து கிளம்பிய கை. மார்புக்கு நேரே வந்தது. அங்கே நின்றது. நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். பார். நன்றாகப் பார். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு வார்த்தை போதும், அது என் வாயில்தான் இருக்கிறது, துப்ப மாட்டேன், பயப்படாதே. வீடு போனால் என் கடை மாடி காலியாகத்தான் கிடக்கிறது, உன் மாமியாரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். பாட்டு ஆறு மாசத்தில் திரும்பி வரும். எனக்கு இது திரும்பி வராது. இதற்குமேல் இறங்க மாட்டேன், இதுதான் என் கடைசி விலை. பாஸ்டர் எண்ண ஆரம்பிக்கப் போகிறார். அந்தக் கையைக் கீழே இறக்கு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நில். நான்தான் அவங்ககிட்டே போய்க் கேட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லு. சொல்லுடி. இப்பவே சொல்லு.